கடைசி முறுக்கு

காரைக் கொண்டுவந்து இறக்கிய அன்று கிர்க்கியில் காலையிலிருந்தே மழை விடவில்லை. மராத்தி போர்டுகளில் காட்கி என்று எழுதியிருந்தாலும், ஆம்பூர், குடியாத்தம் பக்கத்திலிருந்து ஃபாக்டரி வேலைக்கு வந்து தங்கிப்போன குடும்பங்களுக்கு அந்த இடம் இன்றைக்கும் கிர்க்கிதான். ரயில் பாதைக்கும் ஃபாக்டரி மதிலுக்கும் நடுவே நீளமாக ஒரு சால். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடித்தனங்கள். அந்தச் சந்துக்குள் டெம்போவைப் பின்பக்கமாகவே ஓட்டிவந்த டிரைவர், இரண்டு பலகைகளைச் சாய்த்துவைத்து, "தக்கா மாரோ!" என்று கத்தினான். நாலைந்து பேர் சேர்ந்து தள்ளினார்கள். கார் உருளவில்லை. நாலு சக்கரமும் பூட்டுப் போட்டதுபோல இறுகிக் கிடந்தன. கடைசியில் கயிறு கட்டி இழுத்துத்தான் இறக்க முடிந்தது. ஈரச் சிமெண்டில் கறுப்பாகக் கோடு இழுத்துக்கொண்டு வந்து, வண்டி தமிழரசியின் வாசலுக்கு நேரே நின்றது.

தமிழரசி வெளியே வரவில்லை. அடுப்பில் பொம்பில் கருவாடு வறுபட்டுக்கொண்டிருந்தது. அதைப் புரட்டிப் போடுகிற சாக்கில் அங்கேயே நின்றாள். ஜன்னல் வழியாகக் காரின் கூரை தெரிந்தது. வெள்ளைக் கார்தான். போலீஸ் யார்டில் வேப்பமரத்தடியில் இத்தனை வருசம் கிடந்ததில் பாசி ஏறிப் பச்சையாகியிருந்தது.

அது அவள் புருசன் கிறிஸ்டோபரின் கார்.

ஆறேழு வருசத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு மழை நாளில், தாம்ஹினி மலைக்கு அந்தப் பக்கம் சவாரி ஒன்றைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பியவன் வீடு வந்து சேரவில்லை. மறுநாள் பௌடு பக்கத்தில், ஆற்றை ஒட்டிச் சாலையோரமாகக் காரைக் கண்டுபிடித்தார்கள். கதவுகள் சாத்தியிருந்தன. சாவி சீட்டின் மேல் கிடந்தது. கீழே ஆற்றங்கரைப் பாறையில் அவனுடைய செருப்பு இரண்டும் ஜோடியாக, சர்ச்சுக்குள் போகிறவன் வாசலில் விட்டதுபோல இருந்தன. ஆறு பெருகி ஓடிய நேரம். ஃபயர் பிரிகேட்காரர்கள் படகு போட்டுத் தேடினார்கள். ஆள் கிடைக்கவில்லை.

ஆள் கிடைக்காததால் ஆளுக்கொரு கதை கிடைத்தது. ஆற்றில் விழுந்துவிட்டான் என்றார்கள் போலீஸ்காரர்கள்; வேண்டுமென்றே விழுந்தான் என்பதை வாயால் சொல்லாமல் முகத்தால் சொன்னார்கள். சாலில் கடைசி வீட்டு வாசுதேவன், ஹூப்ளி ஸ்டேஷனில் தாடி வைத்துக்கொண்டு கிறிஸ்டோபர் நின்றதைத் தன் கண்ணால் பார்த்ததாக அடித்துச் சொன்னார். கூப்பிட்டாராம், திரும்பிப் பார்த்துவிட்டுக் கூட்டத்தில் புகுந்துவிட்டானாம். மகள் ப்ரீத்தி அந்த ஹூப்ளியைப் பிடித்துக்கொண்டாள். அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் படித்தாள். இப்போது விமான் நகர் ஹோட்டல் ஒன்றில் ரிசப்ஷனில் நிற்கிறாள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு எடுப்பாள்.

தமிழரசிக்கு மட்டும் சந்தேகமே இருந்ததில்லை. அவன் செத்தான், தானாகப் போய்ச் செத்தான். ஹிஞ்சேவாடிக் கம்பெனி ஒன்றுக்கு வண்டி ஓட்டிய காண்ட்ராக்ட் போனதிலிருந்து அவன் பேச்சு குறைந்து போயிருந்தது. அந்தக் கடைசிக் காலையை அவள் எத்தனையோ முறை பிரித்துப் பார்த்துவிட்டாள். நாஷ்டா வேண்டாம் என்றது. தூங்குகிற மகளின் தலையணையைச் சரிசெய்தது. ஒழுகுகிற குழாய்க்கு நூல் சுற்றியது. எல்லாம் விடைபெற்றது மாதிரியே இருந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் போனவன்மேல் அவளுக்குத் துக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்திலேயே ஸ்கூல் காண்டீனில் சப்பாத்தி தேய்க்கும் வேலைக்குப் போனாள், மகளை வளர்த்தாள்.

இப்போது யார்டைக் காலி செய்கிறார்கள், எடுக்காத வண்டிகள் ஏலத்துக்குப் போகும் என்று ஸ்டேஷனிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். போகட்டும் என்றாள் தமிழரசி. ப்ரீத்தி தன் பெரியப்பா அந்தோணியைக் கூட்டிக்கொண்டு போய் வண்டியை எடுத்து வந்துவிட்டாள்.

வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, தமிழரசி வேலை முடிந்து மதியம் திரும்பினாள். தூறல். சந்தில் ஒருவரும் இல்லை. காரின் கண்ணாடிகள் உள்ளுக்குள் ஆவி படிந்து வெளுத்திருந்தன, யாரோ உள்ளே உட்கார்ந்து மூச்சு விடுவதுபோல. ஈர சீட்டில் வெப்பம் பட்டால் அப்படித்தான் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் நடை தயங்கியது. பக்கத்தில் வந்தபோது, ஓட்டுகிறவர் பக்கக் கண்ணாடியில் உள்ளிருந்து ஒரு கை துடைத்தது. துடைத்த இடத்தில் ஒரு கண் தெரிந்தது. அவனுடைய கண்.

குடை கையிலிருந்து விழுந்தது.

கதவு முனகிக்கொண்டு திறந்தது. "மம்மி? நான்தான். டர் கயீ க்யா? பயந்துட்டியா?"

ப்ரீத்தி. அப்பனின் கண்களை அப்படியே கொண்டு பிறந்தவள்.

"எறங்குடி" என்றாள் தமிழரசி. குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"சும்மா உக்காந்தேன். தேகோ, சீட்டை நான் நகத்தலை. டாடி வெச்ச மாதிரியே இருக்கு. என் கால் பெடலுக்கு கரெக்டா போவுது."

"எறங்குன்னா எறங்கு. பூஞ்சக் காளான் புடிச்ச வண்டில உக்காந்துகினு..."

"பெரியப்பா சண்டே வந்து ரிப்பேர் பண்றேன்னாரு. டாடி வரும்போது வண்டி ரெடியா இருக்கணும்."

"வந்தா பாத்துக்கலாம்."

"எப்பவும் நீ அப்படித்தான் சொல்ற, மம்மி. ஒரு தடவையாச்சும் 'வருவாரு' சொல்லேன்."

தமிழரசி குடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று முழுக்கக் காரின் தகரக் கூரையில் மழை தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒழுங்காகத் தட்டிக்கொண்டே வரும், நடுவில் ஒரு நொடி நிற்கும். அந்த ஒரு நொடியில் அவள் காது கூர்மையாகும்.

ஞாயிற்றுக்கிழமை அந்தோணி வந்தார். கிறிஸ்டோபருக்கு அண்ணன். மிலிட்டரி வண்டிகளைப் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வீட்டு இறவாணத்திலிருந்து எதிர்க் கம்பத்துக்கு நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். முந்தின நாளே வந்து எல்லா போல்ட்டுகளுக்கும் துரு ஆயில் அடித்து ஊறவிட்டிருந்தார். ப்ரீத்திக்கு அன்று டியூட்டி. தம்பியின் வீட்டுக்குள் போய்க் குரல் கொடுத்தார்.

"அரசி, ஒரு கை குடும்மா. தனியா ஆவாது இது."

"எனக்கு இன்னா தெரியும் மாமா அதெல்லாம்?"

"தெரிய வாணாம். வெயிட்டு இருந்தா போதும்."

"என்னைக் கிண்டல் பண்றதுக்கா காலங்காத்தால வந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே புடவையை இழுத்துச் செருகி வெளியே வந்தாள். வந்தவள் காரைப் பார்க்காமல் தார்ப்பாயைப் பார்த்தாள்.

பின்சக்கரங்களை முதலில் எடுத்தார்கள். ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே வருசக்கணக்கில் கிடந்ததில் உள்ளே லைனிங் டிரம்மோடு ஒட்டிப்போயிருந்தது. அந்தோணி சுத்தியலால் சுற்றிச்சுற்றித் தட்டினார். பலமான அடி இல்லை. தேங்காய் முற்றிவிட்டதா என்று பார்ப்பதுபோலத் தட்டுவது. தட்டத் தட்டச் செந்தூளாகத் துரு உதிர்ந்தது. மழைத் தண்ணீரில் கலந்து, வாசல் நெடுக ரத்தம்போல ஓடியது. தமிழரசி வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றி அதைக் கழுவிவிட்டாள்.

பிறகு வலது முன்சக்கரம். சக்கரத்தைக் கவ்வி நிறுத்தும் பிரேக் கேலிபரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட் அசையவில்லை. அந்தோணி ஸ்பேனரை மாட்டி, அதன் வாலில் நீளமாக ஒரு பைப்பைச் செருகினார்.

"மொதல்ல கொஞ்சம் இறுக்கற பக்கம் தள்ளு. அப்பறம் தளத்து. ஒரேடியா தளத்தினா ஒடிஞ்சிக்கும்."

"இறுக்கறதா? அதான் இறுகித்தானே கீது?"

"அது நெனச்சிகினு கீது அசையமாட்டேன்னு. ரெண்டு பக்கமும் ஆட்டி வுட்டாத்தான் நம்பும்."

அவள் பைப்பைப் பிடித்தாள். சப்பாத்தி தேய்த்துத் தேய்த்து முறுக்கேறிய கை. முன்னால் தள்ளி, பின்னால் இழுத்து, மறுபடி தள்ளினாள். பல்லைக் கடித்துக்கொண்டு முழு உடம்பையும் சாய்த்தபோது 'டக்' என்று ஒரு சத்தம். ஏதோ ஒடிந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். அந்தோணி சிரித்தார்.

"வந்துட்டான்! ஷாபாஷ். எங்க ஒர்க்‌ஷாப்ல உனக்கு வேலை போட்டுத் தரச் சொல்றேன்."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. அந்தக் காரின் பக்கத்தில் நின்று தான் சிரித்ததை உணர்ந்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். டீ போட்டுக் கொண்டுவந்தாள். வாசுதேவன் குடையோடு வந்து நின்று, வண்டியைச் சுற்றிப் பார்த்து, "காட்டாவுல பழைய இரும்புக்குப் போட்டுட வேண்டியதுதானே, எதுக்கு இந்தக் கஷ்டம்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியாக இடது முன்சக்கரம். மற்ற சக்கரங்களின் நட்டுகளைக் கழற்ற அந்தோணி ஸ்பேனர்மேல் ஏறி நின்று குதிக்க வேண்டியிருந்தது. இதற்கும் அப்படியே காலைத் தூக்கி வைத்தார். நட்டு சுலபமாகச் சுழன்று, அவர் நிலை தடுமாறி மட்கார்டைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நட்டும் அப்படியே. துரு கொஞ்சம் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

"இன்னாது, கையால சுத்தி வெச்ச மாதிரி கீது?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "யார்டுல எவனாச்சும் வீல திருடப் பாத்து வுட்டுட்டுப் போயிட்டான் போல."

சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்தார். கேலிபர் போல்ட்டின் தலையைப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். ஆறு முனையும் மழுங்கி உருண்டை ஆகியிருந்தது.

"இத எவனோ ஏற்கெனவே கழட்டப் பாத்து கெடுத்துட்டான். ஸ்பேனர் லூசு. வழுக்கி வழுக்கித் தலையே போச்சு." கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். துருவுக்கு நடுவில், போல்ட் தலையின் ஒரு பக்கத்தில், வெள்ளையாக ஏதோ மின்னியது. "தகரம் சொருகிக் கீறான். ஸ்பேனர் ஆடுச்சுன்னா நாங்களும் அப்படித்தான், நடுவுல ப்ளேடு துண்டு எதுனா சொருகிக்குவோம், கிரிப்புக்கு."

சிறிய ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார். நசுங்கி வளைந்த ஒரு தகடு அவர் உள்ளங்கையில் விழுந்தது. நகத்தளவுதான். துணியால் துடைத்துத் திருப்பிப் பார்த்தார். பார்த்தவர் அதை அவளிடம் நீட்டினார்.

முகம் நசுங்கிப் போயிருந்தது. ஆனால் கிரீடம் தெரிந்தது. இடுப்புப் பக்கம் குழந்தையின் தலையும், விளிம்பில் நாலைந்து எழுத்தும் தெரிந்தன.

"மாதா" என்றாள் தமிழரசி.

வேளாங்கண்ணி மாதா. ப்ரீத்தி சின்ன வயதில் காய்ச்சல் கண்டு பிழைத்த வருசம், மூன்று பேரும் வேளாங்கண்ணிக்குப் போனபோது கடைவீதியில் தமிழரசியே வாங்கி, அவளே கார்ச் சாவி வளையத்தில் கோத்தது. போலீஸ்காரர்கள் சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது வளையத்தில் அந்த மெடல் இல்லை. அதைத்தான் அவள் யாரிடமும் சொன்னதில்லை. சாகப்போகிறவன் மாதாவை வைத்துக்கொண்டு போகக் கூடாதென்று கழற்றி எறிந்திருக்கிறான், அவ்வளவு தீர்மானமாகப் போயிருக்கிறான் என்று நினைத்து நினைத்தே அவள் மனசு கல்லாகியிருந்தது.

அந்தோணி ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கழற்றிய நட்டுகளைப் பார்த்தார். போல்ட்டைப் பார்த்தார். ஒவ்வொன்றாக, தன் கையையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"மலை ஏறி எறங்கி வந்துகினு கீறான். இந்த வீல் புடிச்சிக்கினு வுடலை. பொகை வந்திருக்கும், கருகின நாத்தம் வந்திருக்கும். ஓரம் கட்டிட்டான். ஜாக்கி போட்டு வீலைக் கழட்டி, இந்த போல்ட்டோட சண்டை புடிச்சிருக்கான். ஸ்பேனர் லூசு. கையில வேற ஒண்ணும் இல்ல, மாதாவைச் சொருகிப் பாத்திருக்கான். வரலை."

"அப்பறம்?"

"ஆற வுட்டு மெல்லமா வூட்டுக்குப் போய்க்கலாம்னு நெனச்சிருப்பான். வீலைத் திரும்ப மாட்டிட்டான். நட்டெல்லாம் கையால சுத்தி, ஜாக்கிய எறக்கிட்டான். எறக்கிட்டுத்தான் ஸ்பேனர் போட்டுக் கடைசி முறுக்கு முறுக்கணும். அந்தக் கடைசி முறுக்கு முறுக்கலை."

"ஏன் மாமா?"

அந்தோணி தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். கிரீசும் துருவும் சேர்ந்து மணிக்கட்டு வரை கறுப்பு.

"சாவப் போறவன் வீலைத் திரும்ப மாட்டுவானாம்மா? ஓடிப் போறவன் மாட்டுவானா? ஜாக்கி ஸ்பேனரையெல்லாம் அப்பறம் எவனோ தூக்கிக்கினு போயிருப்பான்; இவன் கை கழுவப் போயிருக்கான். ஸ்டீயரிங்ல கறை படக் கூடாது அவனுக்கு. உனக்குத்தான் தெரியுமே."

தெரியும். அழுக்குக் கையோடு கதவைத் தொட்டால் மகளையே அதட்டுவான். செருப்பு நனையக் கூடாதென்று கழற்றி வைத்துவிட்டு, பாறையில் இறங்கி, குனிந்து, கையைத் தண்ணீரில் விட்டிருக்கிறான்.

"கை கழுவவா?" என்றாள் தமிழரசி. சிரிப்புப்போல ஒன்று வெளியே வந்தது. "கை கழுவவா மாமா போனாரு? ஒரு துணியில தொடச்சிகினு வந்திருக்கக் கூடாதா? டிக்கியில எத்தினி துணி போட்டு வெச்சிருந்தேன்! பழைய லுங்கி, பனியன், எல்லாம் கிழிச்சி மடிச்சி... நான்தான் மாமா மடிச்சி வெச்சேன்..."

அந்தோணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். லோனாவாலா லோக்கல் ரயில் கடந்து போகிற வரைக்கும் தார்ப்பாய் அதிர்ந்துகொண்டிருந்தது.

பிறகு அவர்தான் மெதுவாகச் சொன்னார். "அரசி, இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். பொண்ணு கிட்ட வாணாம். அது ஹூப்ளி ஹூப்ளின்னு நம்பிக்கினு கீது. அதையும் புடுங்கிக்கினா அதுங்கிட்ட இன்னா இருக்கும்? போல்ட்டை எப்படியோ எடுத்துட்டுப் புதுசு போட்டுடறேன். எவனுக்கும் தெரியாது."

தமிழரசி மெடலைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு உள்ளே போனாள். அரிசி களைந்தாள். உலை வைத்தாள். அவர் சொல்வதும் நியாயம்தான் என்று பட்டது. இத்தனை வருசமும் ஒரு பெண் உயிரோடு வைத்திருந்த அப்பனைத் தன் கையால் ஆற்றில் தள்ளுவதா? ஆனால் அப்பா ஹூப்ளியில் இருக்கிறார் என்றால், மகளை விட்டுவிட்டுப் போய் அங்கே இருக்கிறார் என்றும்தானே அர்த்தம்? கூப்பிட்டும் திரும்பிப் பார்த்துவிட்டுப் போன அப்பா. அதையும் அல்லவா அவள் சேர்த்தே சுமக்கிறாள்? சோறு பொங்கி வழிந்ததை அவள் கவனிக்கவில்லை.

ஃபாக்டரி மதில்மேல் வெளிச்சம் மங்கும் நேரத்தில் ப்ரீத்தி வந்தாள். ஹோட்டல் யூனிஃபார்மோடு நேராகக் காரிடம்தான் போனாள்.

"கித்னா ஹுவா பெரியப்பா? போல்ட் எல்லாம் வந்துச்சா?"

அந்தோணி தமிழரசியைப் பார்த்தார். தமிழரசி வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். "இங்க வா" என்றாள். முடிச்சை அவிழ்த்து மெடலை மகளின் கையில் வைத்தாள். பிறகு, அந்தோணி சொன்னதை அதே வரிசையில் சொன்னாள்.

ப்ரீத்தி முழுக்கக் கேட்டாள். கேட்டு முடித்ததும் தலையை ஆட்டினாள்.

"நஹீ. வாசுதேவன் அங்கிள் பாத்திருக்காரு."

"அவரு யாரையோ பாத்திருக்காரு."

"யூ வாண்ட் இட் ஒன்லி, மம்மி. நீ எப்பவும் டாடி செத்துட்டாருன்னுதான் சொன்னே. இப்போ ப்ரூஃப் கெடச்சிடுச்சு. குஷ்?"

அந்தோணி, "ஏய் பொண்ணே..." என்று எழுந்தார். தமிழரசி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"நான் செத்துட்டாருன்னு மட்டும் சொல்லலைடி. நம்மள வாணாம்னு செத்துட்டாருன்னு நெனச்சேன். அத்தொட்டுத்தான் ஒரு நாள்கூட அழலை. நீ இன்னா நெனச்சே? நம்மள வாணாம்னு எங்கியோ கீறாருன்னு நெனச்சே. ரெண்டும் இல்ல. மனுசன் வூட்டுக்குத்தான் வந்துகினு இருந்தாரு."

ப்ரீத்தியின் வாய் கோணியது. ஏதோ இந்தியில் சொல்ல ஆரம்பித்து நிறுத்தினாள். எழுந்து போய், சக்கரம் இல்லாத பக்கத்தில் யூனிஃபார்மோடு மண்டியிட்டாள். டார்ச்சை வாங்கி அடித்துப் பார்த்தாள். மழுங்கிப்போன போல்ட் தலையை விரல் நுனியால் சுற்றித் தடவினாள்.

"இது டாடி பண்ணதா பெரியப்பா?"

"ஆமாம்மா."

"பஹுத்... ரொம்ப ட்ரை பண்ணியிருக்காரு இல்ல?"

"ரொம்ப."

அவள் அப்படியே நெற்றியை மட்கார்டில் சாய்த்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. தமிழரசி பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தாள். தன் கை கறுப்பாக இருப்பதும், மகளின் வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்துவிட்டதும் பிறகுதான் தெரிந்தது.

அந்த போல்ட் லேசில் வரவில்லை. அடுத்த ஞாயிறு அந்தோணி ப்ளோ லாம்ப் கொண்டுவந்து சூடு காட்டினார். ஆறவிட்டு ஆயில் ஊற்றினார். மறுபடி சூடு காட்டினார். மழுங்கிய தலைமேல் அளவில் சின்னதான சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து இறக்கினார். மூன்று பேரும் பைப்பைப் பிடித்தார்கள். "ஒண்ணு... தோ... சல்!" என்று ப்ரீத்தி எண்ணினாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, பூனை கத்துவதுபோல ஒரு நீண்ட சத்தத்தோடு போல்ட் சுழன்றது. யாரும் கத்தவில்லை, கை தட்டவில்லை. அந்தோணி அதைக் கடைசி மரை வரைக்கும் கையாலேயே சுற்றி எடுத்து, துடைத்து, காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வீட்டில் எங்கே வைத்தார் என்று தமிழரசிக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

மற்ற பழுதுகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. எலி கடித்த வயர்கள், பெட்ரோல் டேங்கில் படிந்த சேறு, புது பேட்டரி. பிரேக் குழாயில் அடைபட்ட காற்றை வெளியேற்ற ப்ரீத்தி ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்தாள். கீழே அந்தோணி படுத்துக்கொண்டு, "அமுக்கு... புடி... வுடு" என்று கூவுவார். தமிழரசி பாட்டிலைப் பிடித்துக்கொள்வாள். பழைய பிரேக் ஆயில் டிக்காஷன் நிறத்தில் இறங்கியது, நடுநடுவே குமிழி விட்டுக்கொண்டு. கடைசியில் தெளிவாக வந்தது. "கெட்டியாயிடுச்சு பெரியப்பா, கால் உள்ள போவலை" என்றாள் ப்ரீத்தி.

ஆவணி பிறந்து, மழை விட்டு விட்டுப் பெய்யத் தொடங்கிய ஒரு காலையில் மூன்று பேரும் கிளம்பினார்கள். எங்கே என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை. அந்தோணி ஓட்டினார். ஊர் எல்லையில் இருக்கும் சாந்தனி சௌக் தாண்டி, பௌடு தாண்டி, வயலெல்லாம் நெல் நாற்று பச்சையாக நின்றது. மலை உச்சிகளில் மேகம் படுத்துக் கிடந்தது. சாலை ஆற்றை ஒட்டி வளையும் இடத்தில் அந்தோணி வண்டியை ஓரம் கட்டினார்.

அன்றைக்கு இல்லாத ஒரு டப்ரி இப்போது அங்கே இருந்தது. நாலு கம்பும் ஒரு தார்ப்பாயும். ஒரு பெண் கரி அடுப்பில் மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். முழங்கால் தெரியப் புடவையை இழுத்துச் செருகியிருந்தாள். அவள் வெறுமனே இவர்களைப் பார்த்துவிட்டு விசிறியால் கரியை விசிறினாள்.

அந்தோணி பழக்கதோஷத்தில் இடது முன்சக்கரத்தின் பக்கம் குனிந்தார். சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார், இல்லை. உள்ளே கைவிட்டுக் குழாயைத் தடவி, கசிவு உண்டா என்று பார்த்தார்; அதுவும் இல்லை. எழுந்தபோது கையெல்லாம் சேறும் கறுப்புமாக இருந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

தமிழரசி ஆற்றைப் பார்த்தாள். பெரிய ஆறுகூட இல்லை. பாறைகளுக்கு நடுவே சத்தமே இல்லாமல், வேகமாக, களிமண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. கீழே ஒரு தட்டைப் பாறை சரிந்து தண்ணீருக்குள் இறங்கியது. ஒரு மனுசன் குனிந்து கை கழுவத் தோதான இடம். அவள் செருப்பைக் கழற்றினாள். தான் கழற்றியதே அவளுக்குத் தெரியாது. இரண்டடி இறங்கியிருப்பாள்.

"தாயீ! ஓ தாயீ! திக்கடே ஜாவு நகா!"

சோளக்காரிதான். விசிறியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். வந்து தமிழரசியின் முழங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் போகாதே அக்கா, பாறை முழுக்கப் பாசி, பார்த்தால் தெரியாது, கால் வைத்ததும் இழுத்துக்கொள்ளும் என்று மராத்தியில் படபடவென்று சொன்னாள். நான் இங்கே கடை போட்டதிலிருந்து எத்தனை பேரைக் கத்திக் கத்தித் தடுத்திருக்கிறேன் தெரியுமா என்றாள். பிறகு அந்தோணியின் கையைப் பார்த்துவிட்டு, "ஹாத் துவாய்சேத் கா?" என்றாள். கை கழுவ வேண்டுமா? அதற்கு ஏன் ஆற்றுக்குப் போகிறீர்கள், இருங்கள்.

அவள் டப்ரிக்குள் போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "க்யா, தாதா", இந்தாருங்கள் அண்ணா என்று அந்தோணியின் முன்னால் சாய்த்துப் பிடித்தாள்.

அந்தோணி கையை நீட்டினார். தண்ணீர் விழுந்தது. அவர் கையைத் தேய்க்கவில்லை. நீட்டியபடியே நின்றார். தண்ணீர் விரல் சந்துகளில் கறுப்பாக வழிந்து மண்ணில் விழுந்துகொண்டிருந்தது.

"சோளா நா" என்றாள் அந்தப் பெண். தேயுங்கள்.

தமிழரசி வந்து அவர் கைகளைத் தன் கைகளுக்குள் வாங்கித் தேய்த்துவிட்டாள். தேய்க்கத் தேய்க்க அவள் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. இத்தனை வருசமும் வராத சத்தம். "ஐயோ, ஒருத்தி இல்லியே" என்று அவள் அழுதாள். "அன்னிக்கு இங்க ஒருத்தி இல்லாமப் போனாளே, மாதாவே..."

ப்ரீத்தி பின்னாலிருந்து வந்து அம்மாவை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். சோளக்காரிக்கு மொழி புரியவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்கவும் இல்லை. செம்பு காலியானதும் உள்ளே போய் மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தாள்.